குரல் ஒரு பக்கம், பீட் ஒரு பக்கம்: வீட்டிலேயே ராப் மிக்ஸ் செய்பவருக்கு

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தமிழில் ராப் எழுதி, என் அறையிலேயே யுஎஸ்பி கன்டென்சர் மைக்கில் பதிவு செய்கிறேன், மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டியிருக்கிறேன். மென்பொருள் ரீப்பர். பீட் (பின்னணி இசை) யூடியூபிலிருந்து எடுத்தது. ஒரு பாட்டின் மிக்ஸை இதோடு அனுப்பியிருக்கிறேன். என்ன செய்தாலும் குரல் பீட்டின் மேல் தனியாக ஒட்டிவைத்த மாதிரியே இருக்கிறது. குரலைக் குறைத்தால் வரி புரியவில்லை, கூட்டினால் பீட் செத்துப்போகிறது. ஹெட்போனில் சுமாராகக் கேட்பது போனில் இன்னும் மோசம். நல்ல பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் ஒலிக்கருவி) வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ரீப்பரோடு வரும் ரியாஈக்யூ (ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ), ரியாகாம்ப் (சத்தமான இடத்தைத் தானே அமுக்கும் கம்ப்ரெஸர்), ரியாடிலே (குரலைச் சற்றுத் தாமதித்துத் திருப்பி ஒலிக்கும் டிலே), அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் டிடிஆர் நோவா என்ற ஈக்யூ, இவையே உங்களுக்குப் போதும். நீங்கள் அனுப்பிய பதிவைக் கேட்டேன். கோளாறு மூன்று இடத்தில் இருக்கிறது: அறை, குரலின் ஏற்ற இறக்கம், பீட்டின் சத்தம். மூன்றுக்கும் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை.

முதலில் அறை. உங்கள் குரலோடு ஒரு டப்பாச் சத்தம் சேர்ந்தே வருகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அது. அதோடு பதிவான குரலுக்கு எந்த ஈக்யூ போட்டாலும் அது பீட்டுக்குள் போகாது. பீட் ஓரிடத்தில் ஒலிக்கிறது, நீங்கள் வேறொரு அறையில் நின்று பேசுகிறீர்கள் என்பதைக் காது உடனே கண்டுபிடித்துவிடும். மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஆனால் உங்கள் மைக் கார்டியாய்டு வகை. முன்பக்கம் வருவதைத்தான் அது அதிகம் வாங்கும், முதுகுப்பக்கம் வருவதை ஏற்கெனவே தள்ளிவிடும். அதன் முன்னால் இருப்பது நீங்கள், உங்களுக்குப் பின்னால் இருப்பது வெறும் சுவர். ஆகவே கனமான போர்வையையோ மெத்தையையோ உங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி நின்றாலும் சரி. அறையின் நட்டநடுவில் நிற்க வேண்டாம். மூலையும் வேண்டாம்.

மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். மே மாதத்தில் இது கொடுமைதான், தெரியும். எட்டு எட்டு பாராக (தாளச் சுற்றாக)ப் பிரித்துப் பதிவு செய்து, நடுவில் விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, நடுவில் பாப் ஃபில்டர் (வாயிலிருந்து வரும் காற்றைத் தடுக்கும் வலைத்திரை). மைக்கை நேராக வாய்க்கு எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் ‘ப்ப’ வரும்போது காற்று அடிக்காது. 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். மிகச் சத்தமான வார்த்தை மைனஸ் 10 டெசிபலைத் தொட்டால் போதும். சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றினால்தான் பலமான குரல் வரும் என்பது பழைய மூடநம்பிக்கை.

பீட்டுக்கு வருவோம். அது ஏற்கெனவே மிக்ஸ், மாஸ்டர் எல்லாம் முடித்து, லிமிட்டரில் (சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுப்பது) அடித்து நொறுக்கி, உச்ச சத்தத்தில் வெளியானது. ஏறும் நிறுத்தத்துக்கு வரும்போதே படிக்கட்டு வரை நிரம்பி வந்த டவுன் பஸ் மாதிரி. யாராவது நகர்ந்தால்தான் உங்கள் குரல் நிற்க முடியும். அனுப்பிய மிக்ஸில் பீட் ஃபேடர் பூஜ்யத்திலேயே இருக்கிறது. அதற்கு மேலே கேட்க வேண்டும் என்று குரலை ஏற்றியிருக்கிறீர்கள், மாஸ்டர் (எல்லா ட்ராக்கும் சேர்ந்து வெளியேறும் இடம்) வெடிக்கிறது, அதை அடக்க ஒரு லிமிட்டர். எல்லாம் தலைகீழ். வேறு எதையும் தொடும் முன் பீட்டை 8 டெசிபல் இறக்குங்கள். மொத்தமும் சத்தம் குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், ஹெட்போன் வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடைசி சத்தத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, என் கணக்கில் ராப் மிக்ஸிங்கில் பாதிக்கும் மேலான வேலை: வார்த்தை வார்த்தையாக லெவல் சரிசெய்வது. கம்ப்ரெஸர் போடும் முன்னாலேயே, கையால். உங்கள் இரண்டாவது வெர்ஸில் இந்த வரியை எடுத்துக்கொள்வோம்: “நேத்து வரைக்கும் நீ யாருன்னு கேட்டவன் இன்னைக்கு வாசல்ல நிக்கிறான்.” ‘நேத்து’ பாய்ந்து வருகிறது. ‘கேட்டவன்’ வரை நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு மூச்சு தீர்ந்துபோய், ‘நிக்கிறான்’ என்பது ‘நிக்கி’ வரைக்கும்தான் காதுக்கு எட்டுகிறது. அலைவடிவத்தைப் பார்த்தாலே தெரியும், வரியின் தலை குண்டாகவும் வால் நூலாகவும் இருக்கிறது. தமிழில் இது பெரிய பிரச்சினை. யார் செய்தார், எப்போது செய்தார் என்பதெல்லாம் சொல்லின் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கிறது. வால் போனால் வந்தது நானா அவனா என்றே தெரியாது. குரலைக் குறைத்தால் வரி புரியவில்லை என்று நீங்கள் எழுதியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது சுலபம், ஆனால் சலிப்பான வேலை. ‘வாசல்ல’ தொடங்கும் இடத்தில் கர்சரை வைத்து ‘எஸ்’ அழுத்துங்கள், துண்டாகும். அந்தத் துண்டைத் தேர்ந்து எஃப்2 அழுத்தினால் பண்புகள் பெட்டி திறக்கும். அதில் வால்யூமை 3 டெசிபல் கூட்டுங்கள். ‘றான்’ மட்டும் இன்னும் பள்ளமாக இருந்தால் அதைத் தனியாக வெட்டி 5. ‘நேத்து’ 2 குறையட்டும். வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் வராமல் இருக்கச் சின்ன ஃபேட் கட்டாயம். மூச்சுச் சத்தங்களை முழுக்க வெட்டி எறியாதீர்கள், 8 டெசிபல் போலக் குறைத்தால் போதும். மூச்சே விடாத ராப்பர் பயமுறுத்துவார். இப்படி ஒரு பாட்டு முழுக்கச் செய்ய ஒரு மாலைப்பொழுது போய்விடும். முடித்தபின் பிளகின் எதுவும் இல்லாமல் பீட்டோடு ஓடவிட்டுப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

சரி, இப்போது ஈக்யூ. முதலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். குரலில் அங்கே பயனுள்ளது ஒன்றுமில்லை, மேசை அதிர்வும் தெருவில் போகும் லாரியும்தான். அந்த இடம் கிக் ட்ரம்முக்கும் 808 என்கிற ஆழமான மின்னணு பேஸுக்கும் சொந்தம். அடுத்து 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை. மைக்கை நெருங்கிப் பேசினால் குரலில் வரும் கனமும் சின்ன அறையின் அடைப்பும் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் தேங்கும். 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். மூக்கால் பேசுவது போல இருந்தால் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தேடலாம். தெளிவு 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கே 2 டெசிபல் கூட்டினால் போதும், 6 கூட்டினால் காதைக் குத்தும். ஒரு விஷயம்: இந்த மாற்றங்களைக் குரலை மட்டும் ஓடவிட்டுச் செய்யாதீர்கள். தனியாக அருமையாகக் கேட்கும் தடித்த குரல்தான் பீட்டோடு சேரும்போது முதலில் காணாமல் போகும்.

கம்ப்ரெஸரில் ஆரம்பக்காரர்கள் எல்லோரும் ஒரே ஒரு கம்ப்ரெஸரைப் போட்டு 12 டெசிபல் நசுக்குகிறார்கள். அதைவிட இரண்டைப் போட்டு வேலையைப் பிரித்துக்கொடுப்பது நல்லது. முதலாவது விறுவிறுப்பானது: ரேஷியோ (எவ்வளவு அமுக்கும் என்ற விகிதம்) 4:1, அட்டாக் (அமுக்கப் பிடிக்கும் நேரம்) 5 முதல் 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விடுவிக்கப் பிடிக்கும் நேரம்) 50 பக்கம். சத்தமான வார்த்தையில் மட்டும் 4 அல்லது 5 டெசிபல் இறங்கட்டும். இரண்டாவது சோம்பேறி: 2:1, அட்டாக் 20, ரிலீஸ் 150, மொத்தமாக 2 அல்லது 3 டெசிபல். ஸ்டுடியோக்களில் 1176 வகைக் கருவிக்குப் பின் எல்ஏ-2ஏ வகையை வைப்பது இதே யோசனைதான். அட்டாக்கை ரொம்பக் குறைத்துவிடாதீர்கள். தமிழ் ராப்பின் தாளமே க்க, ட்ட, ப்ப, ற்ற ஆகியவற்றின் வெடிப்பில் இருக்கிறது. 1 மில்லிசெகண்டில் பாயும் கம்ப்ரெஸர் அந்த முனையைச் சீவிவிடும். அப்புறம் ஃப்ளோ வழவழவென்று ஆகிவிட்டதே என்று பீட்டைக் குறை சொல்வீர்கள்.

கம்ப்ரெஸருக்குப் பிறகு ‘ஸ்’ சத்தம் கூடியிருக்கும். எதிர்பார்த்ததுதான். நோவாவில் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு பட்டையை டைனமிக் ஆக்கி, ‘ஸ்’, ‘ஷ்’ வரும்போது மட்டும் 4 டெசிபல் இறங்கும்படி வையுங்கள். அதற்கு மேல் போனால் நாக்கு தடித்தவர் பேசுவது போலாகும்.

நோவாவை பீட்டிலும் ஒன்று போடுங்கள். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை, குரல் வரும்போது மட்டும், 2 டெசிபல் குனிய வைக்க வேண்டும். குரல் ட்ராக்கிலிருந்து பீட் ட்ராக்கின் 3, 4 சேனலுக்கு ஒரு சென்ட் (குரலின் நகலை அனுப்பும் வழி) போட்டு, அதை சைட்செயினாக (எப்போது குனிய வேண்டும் என்று சொல்லும் சைகையாக) எடுக்கச் சொன்னால் வேலை முடிந்தது. கேட்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது, வரி மட்டும் புரியும்.

டப்பிள் (அதே வரியை மறுபடி பாடி அடுக்குவது), அட்லிப் (வரிகளுக்கு நடுவே வரும் சின்னக் கூவல்கள்) விஷயத்தில் உங்களுக்கு ஆர்வம் அதிகம் போலிருக்கிறது. முழு வெர்ஸையும் மூன்று தடவை அடுக்கியிருக்கிறீர்கள். நேரம் பிசகிய மூன்று குரல் ஒரு குரலின் தெளிவைத் தின்றுவிடும். வரியின் கடைசிச் சொல்லையும் பஞ்ச் வரியையும் மட்டும் டப்பிள் செய்யுங்கள், பிரதான குரலைவிட 8 டெசிபல் கீழே. டப்பிளில் உள்ள ‘ஸ்’களை இரக்கமில்லாமல் குறைத்துவிடலாம், அது மெயின் குரலின் வேலை. அட்லிப்களை இடம் வலம் தள்ளி, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். மெயின் குரல் நடுவை விட்டு அசையக் கூடாது.

ரிவெர்பை (செயற்கையான அறை எதிரொலியை) அள்ளிக் கொட்டினால் குரல் பீட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்ற நினைப்பில் வெர்ஸைக் குளியலறைக்குள் தள்ளியிருக்கிறீர்கள். வேகமாகச் சொற்கள் விழும் இடத்தில் டிலேதான் கைகொடுக்கும். கணக்கு எளிது: 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி) வகுத்தால் ஒரு தாள அடியின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். உங்கள் பாட்டு 90 பிபிஎம், ஆகவே 667. பாதி 333. தனி ட்ராக்கில் டிலே வைத்து, குரலிலிருந்து சென்ட் அனுப்பி, திரும்பி வருவதில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். நிறுத்தினால் ஏதோ குறைகிறது, ஓடும்போது தனியாகக் கேட்கவில்லை என்கிற அளவுக்கு வையுங்கள். ரிவெர்ப் வேண்டுமென்றால் ஒரு விநாடிக்கும் குறைவான சின்ன பிளேட் வகை ரிவெர்ப், முன்னால் 20 மில்லிசெகண்ட் இடைவெளியோடு. ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதியில்) கொஞ்சம் தாராளமாகவே விடலாம்.

சரிபார்க்க: ஹெட்போனை மேசையில் கழற்றி வைத்து, அதிலிருந்து கசிவது காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும் அளவுக்கு வால்யூமை இறக்குங்கள். அப்போது குரலும் ஸ்நேர் ட்ரம்மும் ஏறக்குறைய சமமாக மிஞ்ச வேண்டும். அடுத்து மோனோவில் போனில். போன் ஸ்பீக்கரில் 808-இன் அடிப்பகுதி வராது, அதனால் குரல் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். அது தப்பில்லை. பிடித்த ராப் பாட்டு ஒன்றை ப்ராஜெக்டில் போட்டு, உங்கள் மிக்ஸின் சத்தத்துக்கு அதை இறக்கி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். இறக்காமல் கேட்டால் எப்போதும் அதுதான் ஜெயிக்கும், சத்தமாக இருப்பதால்.

கடைசியாக மாஸ்டரில் ஒரு லிமிட்டர், உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமப்படுத்தும், யூடியூபும் அதிகச் சத்தத்தைத் தானே குறைத்துவிடும். அதனால் மைனஸ் 10 எல்யூஎஃப்எஸ் வாக்கில் நின்றால் போதும். அளந்து பார்க்க யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு இருக்கிறது.

அந்த 8,000 ரூபாய் சும்மா இருக்க வேண்டாம். யூடியூபிலிருந்து உருவிய எம்பி3 பீட்டை வைத்துக்கொண்டு பாட்டை வெளியிட்டால் ஒருநாள் உரிமைப் புகார் வந்து நிற்கும். ‘இலவசம்’ என்று தலைப்பில் போட்டிருந்தாலும், பெரும்பாலும் காசு பார்க்காதவரைக்கும்தான் இலவசம், விவரப் பகுதியைப் படியுங்கள். ஒலித்தரமும் அடிபடும். 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. அந்த பீட் செய்தவரிடமே எழுதிக் கேட்டு உரிமம் வாங்குங்கள், வேவ் கோப்பாக. பட்ஜெட் இடம் கொடுத்தால் ட்ரம்ஸ், பேஸ், மெலடி என்று தனித்தனி ட்ராக்காகவே கேளுங்கள். மெலடியை மட்டும் 2 டெசிபல் இறக்க முடிந்தால், மேலே சொன்ன சைட்செயின் வேலையே தேவைப்படாமல் போகலாம். மிச்சக் காசில் ரீப்பரின் உரிமம்: 60 நாள் சோதனைக் காலத்துக்குப் பிறகும் அது நின்றுவிடாமல் ஓடும் என்பது உண்மைதான், ஆனாலும் தனிநபருக்கு 60 டாலர்தான். இரண்டும் ஒரே மாதத்தில் கட்டுப்படியாகவில்லை என்றால் முதலில் பீட்.