பிளேட்லெட் 38,000, ஏன் ஏற்றவில்லை?

கேள்வி: டெங்கி காய்ச்சலில் ஐந்தாம் நாள் என் கணவருக்கு பிளேட்லெட் 38,000-க்கு இறங்கிவிட்டது. தினமும் ரத்தம் எடுத்தார்களே தவிர, பிளேட்லெட் ஏற்றவே இல்லை. காய்ச்சல் விட்ட பிறகும் வீட்டுக்கு அனுப்பவில்லை. தஞ்சாவூரில் இருக்கும் நாத்தனார், "ஏன் ஏற்றவில்லை?" என்று ஓயாமல் போன் செய்தார். இப்போது வீடு வந்துவிட்டார். முட்டிவலிக்குப் பழைய மாத்திரையைக் கேட்கிறார், கொடுக்கலாமா?
- வாசகி, யீஷூன்

பதில்: நான் டாக்டர் இல்லை, ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். சொந்தக்காரர்கள் பிளேட்லெட்டை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்பது எனக்குப் பழகிவிட்டது!

பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் அணு. அது இவ்வளவு குறைவாக வந்தால் மெஷின் சொன்னதை அப்படியே அனுப்ப மாட்டோம். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் சேர்த்திருக்கும் மருந்தே சிலருக்குப் பிளேட்லெட்டுகளை ஒட்டவைத்துவிடும். மெஷின் அந்தக் கொத்துகளைச் சரியாக எண்ணாது. அப்படியானால் நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் கேட்போம். டெங்கியில் பெரும்பாலும் குறைவு நிஜம்தான்.

ஆனால் அதே ரிப்போர்ட்டில் ஹீமட்டோகிரிட் என்று ஒன்று இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. கடுமையான டெங்கியில் ரத்தக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசியும். ரத்தம் கெட்டியாகி இது ஏறும். பிளேட்லெட் மளமளவென்று இறங்கும்போது இதுவும் ஏறினால் வார்டில் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். இந்தக் கசிவு காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான் வரும், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள். அவரை வார்டிலேயே வைத்து தினமும் ரத்தம் எடுத்தது இதற்காகத்தான்.

சரி, ஏன் ஏற்றவில்லை? சிங்கப்பூர், மலேசியா மருத்துவமனைகளில் 372 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் 'லான்செட்' இதழில் வந்தது. பிளேட்லெட் 20,000-க்கோ அதற்குக் கீழோ போனவர்கள், ஆனால் கடுமையான ரத்தக்கசிவு இல்லாதவர்கள். ஒரு பாதிக்கு ஏற்றினார்கள், மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஏற்றியதால் ரத்தக்கசிவு சொல்லும்படி குறையவில்லை. ஒவ்வாமை போன்ற தொந்தரவுகள்தான் கூடின. உங்கள் கணவர் 20,000 பக்கமே போகவில்லையே! ரத்தம் கொட்டினால் கதை வேறு, அப்போது ஏற்றுவார்கள். நாத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

முட்டிவலி மாத்திரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை என்றால் இப்போது கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவுக்கு வழிவிடும். பனடால் (பாராசிட்டமால்) போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவு. இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்றால் மட்டும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.