ஹாலோகிராம் கோர்ஸுக்கு முன்பணம் கட்டலாமா?

வணக்கம் அம்மா. தம்பி ஹாலோகிராம்தான் படிப்பேன் என்று நிற்கிறான், ஓராண்டு கோர்ஸுக்கு முன்பணம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தையும் பார்த்தேன். அதில் மேடையில் ஓர் ஆள் தோன்றி ஆடுகிறாரே, அது உண்மையில் ஹாலோகிராமே இல்லை. சாய்த்து வைத்த கண்ணாடியில் பிம்பத்தை விழவைக்கும் வித்தை. 1862-லேயே லண்டனில் பெப்பர் என்பவர் காட்டியது. 2014 தேர்தலில் மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றியதும் இந்த வகைதான். இதற்கு அனிமேஷனும் ஒளியமைப்பும் தெரிந்தால் போதும். நல்ல தொழில்தான், ஆனால் வேறு தொழில்.

அசல் ஹாலோகிராம் என்பது ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியலையையே பதிவுசெய்து, அதை முப்பரிமாணமாகக் காட்டுவது. இயற்பியலாளர் டெனிஸ் காபர் 1947-ல் கண்டுபிடித்தது. 1971-ல் அதற்கு நோபல் கிடைத்தது. அசையாத படத்தில் இது எப்போதோ கைகூடிவிட்டது. திரையில் அசையவைப்பதுதான் பெரும்பாடு.

ஏன் என்று தம்பிக்கே காட்டலாம். பழைய சிடி, டிவிடி இரண்டையும் எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை அடிக்கச் சொல்லுங்கள். சிடியில் தகவல் பதிந்த நுண்ணிய வரிகளுக்கு நடுவே 1.6 மைக்ரான் இடைவெளி, டிவிடியில் 0.74. (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) வரி நெருங்க நெருங்க நிறங்கள் அகலமாக விரியும். ஹாலோகிராம் திரையிலும் இதே கதைதான். புள்ளிகள் 8 மைக்ரான் இடைவெளியில் இருந்தால் பச்சை ஒளி மொத்தம் 4 டிகிரிதான் விரியும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் படம் போச்சு. 60 டிகிரி வேண்டுமென்றால் இடைவெளி அரை மைக்ரானுக்கு வர வேண்டும். அப்போது உள்ளங்கை அளவு, 10 சென்டிமீட்டர் சதுரத் திரைக்கே 4,000 கோடி புள்ளிகள்! உங்கள் வீட்டு டிவி 4கே என்றாலும் அதில் 83 லட்சம்தான். அத்தனை புள்ளிக்கும் நொடிக்குப் பலமுறை கணக்குப் போட வேண்டும். 2021-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவைப் பழக்கி, சாதாரண கிராபிக்ஸ் கார்டிலேயே ஹாலோகிராம் கணக்கை உடனுக்குடன் போடவைத்தார்கள். ஆக, கம்ப்யூட்டர் சயன்ஸ் வழியாகவும் இதற்குள் வரலாம்.

எந்த வழியாக வந்தாலும் கணக்கு விடாது. தம்பிக்குக் கணக்கு கசக்கும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

கணக்கோடு மல்லுக்கட்டத் தயார் என்றால், கொச்சியில் குசாட் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு எம்.எஸ்சி. ஃபோட்டானிக்ஸ், அதாவது ஒளி அறிவியல் படிப்பு இருக்கிறது. பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிக்குப் போவதும் நல்ல வழி, செலவும் குறைவு. ஹாலோகிராம் என்ற பெயரில் இங்கே வேலை அதிகம் கிடையாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒளியியல் படித்தவருக்கு லேசர், கேமரா லென்ஸ், ஃபைபர் என்று இடமுண்டு. தேஜஸ் போர் விமானத்தில் விமானியின் கண்ணெதிரே தகவல் காட்டும் கருவியை உருவாக்கியது சண்டிகரில் உள்ள சிஎஸ்ஐஓ என்ற அரசு ஆய்வகம்தான்.

சிடியைப் பார்த்துவிட்டு "ஏன் விரியுது?" என்று கேட்கிறானா, "இதை மேடையில காட்டினா எப்படி இருக்கும்!" என்கிறானா, கவனித்து எழுதுங்கள். இரண்டாவது என்றால் அனிமேஷன் கல்லூரிகளைப் பற்றிப் பேசலாம். அதுவரை முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.