ராமேச்சாப்பிலிருந்து லுக்லாவுக்கு எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போனபோது நேபாளத்தின் இந்த இரண்டு குட்டி நிலையங்களுக்கும் இடையே பறந்திருக்கிறேன். கேட்டதற்கு முதலில் பதில்: நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 15 முதல் 20 நிமிடம். ஆனால் இந்த எண்களை மட்டும் நம்பித் திட்டம் போட்டுவிடாதீர்கள்.

ராமேச்சாப் என்பது மாவட்டத்தின் பெயர். விமான நிலையம் இருப்பது மந்தலியில். காத்மாண்டுவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர்தான், ஆனால் மலைச்சாலை. நான்கைந்து மணி நேரம் விழுங்கிவிடும். விடியற்காலை விமானத்தைப் பிடிக்க நள்ளிரவு தாண்டியதும் வேனில் ஏறியாக வேண்டும். இருபது நிமிடப் பறத்தலுக்காக ஓர் இரவுத் தூக்கம் போய்விடும்.

காத்மாண்டுவிலேயே ஏறினால் என்ன? அங்கே இருப்பது ஒரே ஓடுபாதை, எந்நேரமும் நெரிசல். அதனால் மலையேற்றப் பருவம் சூடுபிடித்ததும் லுக்லா விமானங்களில் பெரும்பாலானவற்றை மந்தலிக்கு மாற்றிவிடுகிறார்கள். தூரம் குறைவு என்பதால் ஒரே விமானம் காலைப் பொழுதுக்குள் பல நடை போய்வர முடிகிறது. காலைப் பொழுது என்பதுதான் முக்கியம். லுக்லாவில் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். நண்பகல் நெருங்கினால் காற்றும் மேகமும் பள்ளத்தாக்கை அடைத்துக்கொள்ளும். அன்றைய கணக்கு அத்தோடு முடிந்தது.

அந்த ஓடுபாதையைப் பார்த்தால் காரணம் புரியும். நீளம் 527 மீட்டர். ஒரு முனையில் கிடுகிடு பள்ளம், மறுமுனையில் மலை. சமதரையும் இல்லை, இரண்டு முனைகளுக்கும் இடையே 60 மீட்டர் உயர வித்தியாசம். இறங்கும்போது மேட்டில் ஏறி வேகம் குறைகிறது, கிளம்பும்போது சரிவில் உருண்டு வேகம் பிடிக்கிறது. இறங்க ஆரம்பித்துவிட்டால் மறுபடி மேலே எழும்பி வட்டமடித்து வரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் போன ட்வின் ஆட்டர் என்ற குட்டி விமானத்தில் விமானிகளுக்கும் எங்களுக்கும் இடையே கதவு இல்லை. முன்கண்ணாடி வழியே ஓடுபாதை சுவரில் சாத்திவைத்த கரும்பலகை போலத் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை என்று பெருமையடிக்கலாம், உண்மையில் மறந்துவிட்டேன்.

காதும் அடைக்கும். மந்தலி 500 மீட்டர் உயரம்கூட இல்லை, லுக்லா ஏறக்குறைய 2,850 மீட்டர். சிறிய விமானம், உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி கிடையாது. வியர்வையோடு ஏறியவர்கள் ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டு இறங்கினோம்.

திரும்பும்போதுதான் பாடுபட்டேன். வெள்ளை மேகம் ஓடுபாதை முனையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பையைச் சுமந்து காலையில் நிலையம், மதியம் விடுதி என்று இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலை தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். வந்தவர்கள் இறங்கி, நாங்கள் ஏறிக் கதவு சாத்த ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம்.

எனவே லுக்லாவிலிருந்து திரும்பும் நாளுக்கும் காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். மூட்டை பொதுவாக 15 கிலோதான், கைப்பையையும் சேர்த்து நிறுப்பார்கள்.