எள்ளும் எள்ளலும்

கேள்வி: மகளின் பாடத்தில் 'எள்ளி நகையாடினர்' என்று வந்தது. எள் அளவுக்குச் சிறியவராக நினைத்துச் சிரிப்பது என்று பொருள் சொன்னேன். சரிதானா? 'கிண்டல் செய்தனர்' என்று எழுதினால் போதாதா?
- வாசகி, தேனி

பதில்: எண்ணெய் ஆட்டும் எள் வேறு, எள்ளுதல் என்ற வினை வேறு அம்மா. எள்ளினான், எள்ளுகிறான் என்று வரும். இகழ்தல் என்று பொருள்.

கிண்டல் போதாது. அண்ணியைக் கிண்டல் செய்கிறோம், அதில் இகழ்ச்சி இல்லை. எள்ளலில் எதிரில் இருப்பவரைத் தாழ்வாக நினைப்பதுதான் முதலில். சிரிப்பு வரலாம், வராமலும் போகலாம். அதனால்தான் 'நகையாடினர்' என்று தனியாகச் சேர்க்கிறோம். பாண்டியன் அவையில் கண்ணகி 'எள்ளறு சிறப்பின்' என்கிறாள். இகழ இடமில்லாத சிறப்பு என்று பொருள். அங்கே சிரிப்புக்கு வேலையே இல்லை.

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த எள்ளலுக்குப் பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர் இரண்டு வகை சொல்கிறார். பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது இன்னொன்று. இரண்டாவது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

என் வகுப்பில் குள்ளமான பையன் ஒருவன். 'அரைப்படி' என்று கூப்பிடுவார்கள். எல்லாரையும்விட அவன்தான் சத்தமாகச் சிரிப்பான். ஒருநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது வாய் தவறி நானே அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். அன்றும் சிரித்தான். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் உரையாசிரியர் சொன்னது எனக்குப் புரிந்தது. எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் ஒரு மாட்டுவண்டியின் கடையாணியை, அதாவது அச்சாணியை, வாங்கிப்போய் மேசையில் வைத்தேன். விரல் நீளம்தான் இருக்கும். அது கழன்றால் சக்கரம் தனியே ஓடிவிடும் என்பது தெரியாத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. அப்புறம் கரும்பலகையில் 667ஆம் குறளை எழுதினேன்:

உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு
அச்சாணி அன்னார் உடைத்து.

உங்கள் மகளுக்கும் இதையே காட்டுங்கள். 'எள்ளாமை' இருக்கும் இடத்தில் 'கிண்டல் செய்யாமை' என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பொருள் குறைந்துவிடும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். ஆளைப் பார்த்ததும் 'இவனால் என்ன ஆகும்' என்று மனசுக்குள் நினைத்தாலே அது எள்ளல்தான்.