ஏஐ தப்பு பண்ணுச்சா, ஃபார்ம்ல இருக்கறது உங்க முகமா?

கேள்வி: 12 வருஷமா வச்சிருந்த நம்பரை ரீ-வெரிஃபிகேஷன்னு சொல்லி கட் பண்ணிட்டாங்க. வேற வேற பேர்ல இருக்கற சிம்கள்ல என் முகம் இருக்குன்னு அரசாங்கத்தோட ஏஐ சொல்லுதாம். பேங்க் ஓடிபி கூட வரல. ஏஐக்கு கட்டுப்பாடு வேணும்னு டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராயே சொல்லிருக்கே, ஹைகோர்ட்ல நஷ்டஈடு கேக்கலாமா? 2019ல ரீசார்ஜ் கடை வச்சிருந்தப்போ டார்கெட்டுக்காக சில கஸ்டமருக்கு என் போட்டோவ வச்சு சிம் ஆக்டிவேட் பண்ணிருக்கேன்.

பதில்: நீங்க எழுதினதுல கடைசி வரிதாங்க கேஸ். டிராய் 2023 ஜூலைல சொன்னது பரிந்துரை, சட்டம் இல்ல, அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க சொல்ற ஏஐ, தொலைத்தொடர்புத் துறையோட ஏஎஸ்டிஆர், அது செய்யற வேலையே ஒரே முகம் வேற வேற பேர்ல இருந்தா பிடிக்கறதுதான், 2023 மே கணக்குப்படி 87 கோடி கனெக்ஷன பாத்து 36 லட்சத்துக்கு மேல கட் பண்ணிருக்காங்க. உங்க விஷயத்துல அது சரியாத்தான் பிடிச்சிருக்கு.

என் பயம் வேற. கோபத்துல கம்பெனிக்கு "நான்தான் போட்டோ குடுத்தேன், ஆனா கெட்ட எண்ணம் இல்ல"ன்னு லெட்டர் எழுதிட்டு என்கிட்ட வந்தவங்க இருக்காங்க, அது விளக்கம் இல்லீங்க, கையெழுத்து போட்ட வாக்குமூலம், அந்த சிம்ல ஒண்ணு எங்கயாவது பண மோசடில மாட்டியிருந்தா அந்த ஊர் போலீஸ் முதல்ல தேடறது சிம் வாங்கின ஃபார்ம்ல இருக்கற முகத்ததான். நஷ்டஈடு கேட்டு ஹைகோர்ட்ல ரிட் மனு போட்டா அதே ஃபார்ம கம்பெனியே கோர்ட்ல தாக்கல் பண்ணும், நீங்க அஃபிடவிட்ல சத்தியம் பண்ணி பதில் சொல்லணும், பொய் சொன்னா அது தனி குற்றம். 2023 டெலிகாம் சட்டத்துல ஆள்மாறாட்டம் பண்ணி சிம் வாங்கினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 50 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அந்தப் பிரிவு 2024 ஜூன்லதான் அமலுக்கு வந்துச்சு, உங்களது 2019ன்னு நிம்மதியாகிடாதீங்க, பழைய ஐபிசில ஆள்மாறாட்ட மோசடிக்கு 419, ஏமாத்தறதுக்கு 420 இருக்கு.

அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி வெப்சைட்ல பாத்தேன், என் பேர்ல வேற நம்பர் இல்லன்னும் சொல்லாதீங்க. அதுல வர்றது உங்க பேர்ல இருக்கற நம்பர், இங்க பிரச்சினை உங்க முகம்.

நஷ்டஈட்ட விட்ருங்க. ஒரிஜினல் ஆதாரோட நேர்ல போய் உங்க சொந்த நம்பருக்கு மட்டும் ரீ-வெரிஃபிகேஷன் முடிங்க, மத்த நம்பர்கள கட் பண்றத எதிர்க்காதீங்க, வக்கீல் பாக்காம எழுத்துல எதுவும் குடுக்காதீங்க. அவசரத்துக்கு மனைவி பேர்ல உங்க போட்டோவ வச்சு புது சிம் வாங்கிடாதீங்க, அது இந்த புது சட்டத்துக்குள்ளயே வந்துரும். போலீஸ்கிட்ட இருந்து ஏற்கனவே போன் வந்திருந்தா இதெல்லாம் அப்புறம், முன்ஜாமீன்தான் முதல் வேலை.