கோமாரிக்குப் பினாயில் எடுபடாது, சலவைச் சோடா எடுபடும்

கேள்வி: வாழப்பாடி பக்கம் எனக்கு ஐந்து கறவை மாடுகள். தை மாதம் முகாமில் கோமாரி ஊசி போட்டேன். ஆவணியில் சந்தையில் வாங்கி வந்த ஒரு மாட்டுக்கு வாயில் நுரை, குளம்பில் புண். தினம் இரண்டு வேளை பினாயில் ஊற்றிக் கழுவியும் பத்து நாளில் பழைய மாடுகள் மூன்றுக்குப் பரவிவிட்டது. பினாயில் சரியில்லையா, ஊசி சரியில்லையா?

பதில்: பினாயிலில் கலப்படம் என்று சந்தேகப்பட வேண்டாம். கோமாரிக் கிருமியிடம் நல்ல பினாயிலும் தோற்றுத்தான் போகும். அதன் மேலோடு அப்படி.

கொரோனா சமயத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? அந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் உண்டு. சோப்பு அதைக் கரைத்ததும் கதை முடிந்தது. ஆட்டுக்கொல்லி நோய் வைரஸுக்கும் அப்படித்தான். கோமாரி வைரஸுக்கோ கொழுப்பே கிடையாது, வெறும் புரத ஓடுதான். நான்கு வகைப் புரதம், வகைக்கு 60 என்று 240 துண்டுகளை இழைத்துச் செய்த ஓடு. சோப்புக்கு அங்கே கரைக்க எதுவும் இல்லை, பினாயிலுக்கும் அதே கதிதான்.

ஆனால் இந்த ஓட்டுக்குப் புளிப்பும் ஆகாது, காரமும் (மிளகாய்க் காரம் அல்ல, சோடாவின் காரம்) ஆகாது. மண் பரிசோதனை அட்டையில் பி.எச். என்று பார்த்திருப்பீர்கள், எண் குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம். அது 6-க்குக் கீழே இறங்கினால் ஓடு 12 சில்லாகப் பிரிந்து கிருமி செத்துவிடும். 9-க்கு மேலே ஏறினாலும் பிழைக்காது. சலவைச் சோடா இந்த இரண்டாவது வழியில் கொல்கிறது. 10 லிட்டர் வாளிக்கு 400 கிராம். ஆப்பச் சோடா அல்ல, கவனம். அதற்கு இவ்வளவு காரம் கிடையாது. முதலில் சாணியையும் தீவன மிச்சத்தையும் சுரண்டி எடுங்கள், சாணிக்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். கட்டுத்தறி, தண்ணித் தொட்டி, உங்கள் செருப்பு எல்லாவற்றுக்கும் சோடாத் தண்ணீர்தான். பத்து நிமிடம் ஊறட்டும். தொட்டியை அப்புறம் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலுமினியப் பால் கேனில் மட்டும் ஊற்றாதீர்கள், அரித்துவிடும். மாட்டின் புண்ணிலும் வேண்டாம்.

ஊசிக்கு வருவோம். தையில் போட்டது, ஆவணியில் நோய். ஏழு மாதம் ஆகிவிட்டது. இந்த ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டியது, ஆடியில் விட்டுவிட்டீர்கள். ஊசி மருந்துக்குள் இருப்பதும் இதே ஓடுதான், கிருமியைக் கொன்று ஓட்டைக் குலையாமல் வைத்திருப்பார்கள். ஓடு முழுசாக உள்ளே போனால்தான் மாட்டின் உடம்பு அதை அடையாளம் பிடிக்கும். வெயிலில் சூடேறினால் இங்கேயும் அதே 12 சில்லு. ஊசி போட்ட கணக்கு இருக்கும், பலன் இருக்காது. மலையேறி ஏற்காட்டுக் கிராமம் வரை போக வேண்டியிருந்தாலும் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். அடுத்த முகாமில் ஐஸ் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கன்று இருந்தால் இன்றைக்கே பிரித்துக் கட்டுங்கள். பெரிய மாடு பெரும்பாலும் தேறிவிடும், பால்குடிக் கன்றுக்குக் கோமாரி இதயத்தைத் தாக்கலாம், நின்ற இடத்தில் விழுந்து சாகலாம். நோய்கண்ட மாட்டுப் பாலைக் காய்ச்சி ஆற வைத்துத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். புண்ணுக்கு மருந்தைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இனி சந்தை மாடு வாங்கினால் மூன்று வாரம் தனிக் கொட்டகையில் கட்டுங்கள், அதற்குத் தனி வாளி வையுங்கள்.