ஓங்கு பண்புதான் எப்போதும் ஜெயிக்கும் என்றால், ஒடுங்கு பண்பு ஏன் இன்னும் அழியவில்லை?

கேள்வி இதுதான்: "ஓங்கு பண்பு ஒடுங்கு பண்பை அடக்கிவிடும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியென்றால் தலைமுறை போகப் போக ஒடுங்கு பண்புகள் எல்லாம் மறைந்து போயிருக்க வேண்டாமா?"

போகாது. போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கேள்வி தப்பான கேள்வி இல்லை, கல்லூரி இரண்டாம் வருடம் வரைக்கும் நானும் இதே குழப்பத்தோடுதான் திரிந்தேன். அதற்கும் முன்னால் ஒரு கூத்து நடந்தது. பத்தாம் வகுப்பில் ஆசிரியர் ஒருநாள் நாக்கைக் குழாய் மாதிரி சுருட்ட முடிகிறவர்களைக் கை தூக்கச் சொன்னார். தூக்கினேன். அது ஓங்கு பண்பு, அம்மா அப்பா இரண்டு பேரில் ஒருவருக்காவது இருந்தே தீர வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரையும் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து நாக்கை நீட்டச் சொன்னேன், இரண்டு பேருக்கும் வரவில்லை. அப்பா முகம் சிவக்கச் சிவக்க முயற்சி பண்ணினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தக் கதையைக் கடைசியில் முடிக்கிறேன்.

முதலில் இந்த 'ஓங்கு' என்ற சொல். ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிகிற பண்பு ஓங்கு, இரண்டு பிரதியும் இருந்தால்தான் தெரிவது ஒடுங்கு. குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது, ஏதோ இரண்டு ஜீன்கள் மல்லுக்கு நின்று ஒன்று மற்றொன்றைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்காருவது போல ஒரு சித்திரம் மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் நடப்பதைப் பார்க்க, மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டலின் பட்டாணியையே எடுத்துக்கொள்ளலாம். உருண்டை விதை, சுருங்கிய விதை. கலப்புச் செடிகளிலிருந்து அவர் எண்ணிய விதைகள் 5474 உருண்டை, 1850 சுருக்கம், அதாவது கிட்டத்தட்ட 3:1. இந்தச் சுருக்கம் எதனால் என்பது 1990ல்தான் தெரிந்தது. மாவுச்சத்தைக் கிளை கிளையாகப் பின்னுகிற ஒரு நொதி உண்டு, அதற்கான ஜீனுக்கு நடுவில் சுமார் 800 எழுத்துகள் நீளத்துக்கு ஒரு டிஎன்ஏ துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. ஜீன் கெட்டுப்போய்விட்டது, நொதி வரவில்லை, மாவுச்சத்து சரியாகச் சேராமல் சர்க்கரை மிஞ்சுகிறது, சர்க்கரை கூடினால் விதை தண்ணீரை அதிகமாக இழுத்துப் பெருத்துக்கொள்கிறது, காயும்போது அந்தத் தண்ணீர் போய்த் தோல் சுருங்கிவிடுகிறது. அவ்வளவுதான். ஒரு நல்ல பிரதியும் ஒரு கெட்ட பிரதியும் இருக்கிற விதையில் அந்த ஒரு நல்ல பிரதி செய்து தருகிற நொதியே விதை உருண்டையாக இருக்கப் போதும். அதனால்தான் உருண்டை 'ஓங்கு'. யாரும் யாரையும் அடக்கவில்லை. கெட்ட பிரதி ஒரு சேதமும் இல்லாமல் அப்படியே உள்ளே இருக்கிறது, அடுத்த தலைமுறைக்குப் போக அதற்கும் சரிபாதி வாய்ப்பு.

இன்னொன்று. அதே கலப்பு விதையை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் மாவுமணிகளைப் பார்த்தால் அவை இரண்டுக்கும் நடுவாக இருக்கும். ஆக வெளியே பார்த்தால் ஓங்கு, உள்ளே பார்த்தால் நடுத்தரம். ஒரே ஜீனின் வெவ்வேறு வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். ஓங்கு என்பது அல்லீலின் பலம் இல்லை, நாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதையும் பொறுத்த விஷயம்.

சரி, இதற்கும் மக்கள்தொகையில் ஒரு அல்லீல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதற்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றுமே இல்லை. ஓ ரத்தவகை ஒடுங்கு பண்பு, ஆனால் உலகத்தில் அதிகம் பேருக்கு இருப்பது அதுதான். அதுவும் பட்டாணிக் கதைதான், பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து விட்டுப்போனதால் வேலை செய்யாமல் போன ஒரு நொதி. மறுபக்கம், மூளை நரம்புகளைச் சிதைக்கிற ஹன்டிங்டன் நோயை உண்டாக்குகிற அல்லீல் ஓங்கு, ஆனால் அந்த நோய் மிக அரிது. எலும்பு வளர்ச்சி குன்றிக் குள்ளமாகப் பிறக்கவைக்கும் அகோண்ட்ரோபிளேசியாவும் ஓங்குதான், அதுவும் அரிது, அப்படிப் பிறக்கிற குழந்தைகளில் சுமார் ஐந்தில் நான்கு பேரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள், ஏனென்றால் சடுதிமாற்றம், அதாவது ஜீனில் திடீரென வருகிற மாற்றம், புதிதாக நடக்கிறது.

உங்களுக்கு வந்த இதே சந்தேகம் 1908ல் லண்டனில் ஒரு கூட்டத்திலும் வந்தது. மரபியல் அறிஞர் பன்னெட் பேசி முடித்ததும், குட்டை விரல் ஓங்கு பண்பு என்றால் காலப்போக்கில் நான்கில் மூன்று பேருக்குக் குட்டை விரலாக வேண்டாமா என்கிற ரீதியில் பேச்சு எழுந்தது. யூல் என்ற புள்ளியியல் நிபுணர் கிளப்பியது. பன்னெட்டுக்கு அது தப்பு என்று தெரிகிறது, எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. கேம்பிரிட்ஜில் தன்னோடு கிரிக்கெட் ஆடுகிற கணித நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனார். அவர்தான் ஹார்டி, பின்னாளில் நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி. ராமானுஜனின் கடிதம் அவர் கைக்குப் போவதற்கு ஐந்து வருடம் முன்னால் நடந்தது இது. வாய்ப்பாடு தெரிந்தால் போதுமான கணக்கு, உயிரியல்காரர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்ற தொனியில் சயின்ஸ் இதழுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். அதே வருடம் ஜெர்மனியில் வீன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக அதையே கண்டுபிடித்திருந்தார், அதனால்தான் ஹார்டி-வீன்பெர்க் விதி.

கணக்கை நீங்களே போடலாம். 100 பேர், ஆளுக்கு இரண்டு பிரதி, மொத்தம் 200. அதில் 70 சதவீதம் சிவப்பு அல்லீல், 30 சதவீதம் வெள்ளை. நிறம் பார்க்காமல் ஜோடி சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் சிவப்பு-சிவப்பு 0.7 × 0.7, அதாவது 49 பேர். வெள்ளை-வெள்ளை 0.3 × 0.3, 9 பேர். கலப்பு மீதி 42. இப்போது இந்த 100 பேரிடமும் உள்ள சிவப்புப் பிரதிகளை எண்ணுங்கள்: 98 ஒரு பக்கம், 42 ஒரு பக்கம், ஆக 140. இருநூறில் 140, அதே 70 சதவீதம். எது ஓங்கு, எது ஒடுங்கு என்ற பேச்சே இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? 3:1 என்பது பாதிக்குப் பாதி அல்லீல் இருக்கும்போது மட்டும் வருகிற விகிதம். மெண்டல் கலப்புச் செடிகளை வைத்துத் தொடங்கியதால் அவருக்கு அது வந்தது. யூல் செய்த தவறும் அதை எல்லா இடத்துக்கும் பொருத்தியதுதான்.

இதிலிருந்து எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் வருகிறது. ஒரு ஒடுங்கு நோய் 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்த அல்லீலின் அளவு நூற்றில் ஒன்று (0.01 × 0.01 = 10,000ல் ஒன்று). கேரியர்கள், அதாவது ஒரு பிரதி மட்டும் வைத்துக்கொண்டு நோயில்லாமல் நடமாடுகிறவர்கள், 2 × 0.01 × 0.99, அந்தப் பத்தாயிரத்தில் 198 பேர். நோயாளியிடம் இருப்பது இரண்டு பிரதி, இவர்களிடம் 198. நூற்றுக்கு 99 பிரதிகள் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கின்றன. நோயுள்ள யாருக்கும் குழந்தையே பிறக்கவில்லை என்றாலும்கூட அல்லீலின் அளவு நூற்றில் ஒன்றிலிருந்து இருநூற்றில் ஒன்றாகக் குறைய 100 தலைமுறை ஆகும், தலைமுறைக்கு 25 வருடம் என்றால் 2500 வருடம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் 'குறைபாடுள்ளவர்களை' குழந்தை பெறவிடாமல் தடுத்து இனத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கிளம்பினார்களே, அது கொடூரம் என்பது ஒருபுறம், கணக்கே உதைக்கிறது.

அப்போது அல்லீல்களின் அளவு மாறவே மாறாதா என்றால், மாறும். ஹார்டியின் கணக்கில் சில நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும், யாரும் வெளியிலிருந்து வரக்கூடாது, சடுதிமாற்றம் கூடாது, எல்லோரும் ஒரே அளவில் பிழைத்துப் பெருக வேண்டும். நிஜத்தில் இதில் ஏதோ ஒன்று எப்போதும் உடைகிறது.

இயற்கைத் தேர்வுக்கு இங்கிலாந்து அந்துப்பூச்சிதான் வழக்கமான உதாரணம், ஆனால் அதில் வழக்கமாக விட்டுவிடுகிற ஒரு பகுதி இருக்கிறது. கரிய நிறம் ஓங்கு, வெளிர் நிறம் ஒடுங்கு. 1848ல் மான்செஸ்டரில் கரிய பூச்சி ஒன்று அபூர்வமாகக் கண்ணில் பட்டது. ஓங்காக இருந்தும் அபூர்வம். ஆலைப் புகையில் மரங்கள் கறுத்தன, வெளிர் பூச்சிகள் பறவைகளுக்குப் பளிச்சென்று தெரிந்தன, 1895 வாக்கில் அங்கே 98 சதவீதம் கரிய பூச்சிகள். மிச்சம் 2 சதவீதத்தைப் பார்த்து வெளிர் அல்லீல் ஒழிந்தது என்று நினைப்போம், ஆனால் 0.02க்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.14. தோராயக் கணக்குதான், இருந்தாலும் ஏழில் ஒரு பிரதி வெளிர் அல்லீல், அதில் பெரும்பகுதி கரிய பூச்சிகளுக்குள்ளேயே மறைந்து கிடந்திருக்கிறது. 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைந்ததும் வெளிர் நிறம் திரும்ப ஏறியது, கரிய நிறம் இன்று மறுபடியும் அபூர்வம். அது ஓங்கு என்பது மட்டும் கடைசிவரை மாறவில்லை.

இங்கே நான் முன்னால் சொன்னதில் ஒரு திருத்தம். நேரடிச் சம்பந்தம் இல்லை என்றேன், மறைமுகமாக உண்டு: வேகத்தில். நன்மை தருகிற புதிய அல்லீல் ஓங்காக இருந்தால் ஒரே பிரதியிலேயே அதன் பலன் தெரியும், தேர்வு உடனே பிடித்துக்கொள்ளும். ஒடுங்காக இருந்தால் இரண்டு பிரதி ஒன்று சேரும் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் தொலைந்தும் போகலாம். எந்தத் திசையில் போகும் என்பதைப் பிழைப்பு முடிவு செய்கிறது, ஓங்கு ஒடுங்கு இல்லை.

கதிர் அரிவாள் செல் சோகையும் இதில் சேரும். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுகிறது. இரண்டு பிரதி இருந்தால் கடுமையான நோய், ஒரே பிரதி இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. 1954ல் ஆலிசன் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். மலேரியா இருக்கிற இடத்தில் ஒரு பிரதிக்காரர்தான் நன்றாகப் பிழைக்கிறார், அதனால் அந்த அல்லீல் ஒழியவும் இல்லை, எல்லோரையும் பிடிக்கவும் இல்லை, நடுவில் ஒரு அளவில் நிற்கிறது.

அப்புறம் வெறும் அதிர்ஷ்டம். இதற்கு மரபியல் நகர்வு என்று பெயர், படித்தால் சப்பென்று இருக்கும், செய்து பார்த்தால்தான் புரியும். என் மகளோடு செய்தேன். ஒரு துணிப்பையில் 10 சிவப்பு மணி, 10 வெள்ளை மணி. பார்க்காமல் ஒன்று எடு, நிறத்தைக் குறித்துக்கொள், திரும்பப் போடு, இப்படி 20 முறை. குறித்தபடி புதிதாகப் பையை நிரப்பினால் அது அடுத்த தலைமுறை. சிவப்பு 12 ஆனது, 11, 13, அப்புறம் 9, 7, 8, 5. பத்தொன்பதாவது சுற்றில் சிவப்பு ஒன்றுகூட இல்லை, அதற்குமேல் எத்தனை சுற்று போனாலும் திரும்பாது. அவள் கேட்டாள், "அப்போ வெள்ளைதான் ஓங்காப்பா?" மணிகளில் ஓங்கு ஏது! மறுபடி செய்தபோது வெள்ளை காலியானது. இதையே 1956ல் பூரி என்பவர் பழ ஈக்களை வைத்துப் பெரிய அளவில் செய்தார்: 107 தனித்தனிக் கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 16 ஈக்கள், 19 தலைமுறை முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட கூட்டங்களில் இரண்டு அல்லீல்களில் ஏதோ ஒன்று சுத்தமாகப் போய்விட்டது.

மனிதர்களிலும் நடந்திருக்கிறது. பசிபிக்கில் பிங்கெலாப் என்று ஒரு சின்னத் தீவு. 1775 வாக்கில் வந்த புயலுக்கும் அதற்குப் பின்னான பஞ்சத்துக்கும் தப்பியவர்கள் சுமார் இருபது பேர். அதில் யாரோ ஒருவரிடம் முழு நிறக்குருட்டின் ஒடுங்கு அல்லீல் ஒரு பிரதி இருந்திருக்கிறது. மற்ற இடங்களில் பல்லாயிரத்தில் ஒருவருக்கு வருவது இன்று அங்கே இருபது பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ இருக்கிறது. அந்த அல்லீலால் எந்த லாபமும் இல்லை, தப்பியவரின் பையில் இருந்தது, அவ்வளவே.

நாக்குக் கதை பாக்கி. நாக்குச் சுருட்டல் எளிமையான ஓங்கு பண்பு என்று 1940ல் எழுதியவர் ஸ்டர்டெவன்ட், மரபியலில் பெரிய ஆள். 1952ல் ஒருவர் 33 ஜோடி ஒத்த இரட்டையர்களைச் சோதித்தார், 7 ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்கு இல்லை. ஜீன்கள் ஒன்றேதான், நாக்கு வேறு. ஸ்டர்டெவன்ட்டே பிறகு தவறை ஒப்புக்கொண்டு, இன்னமும் இதைப் பாடம் நடத்துகிறார்களே என்று சங்கடப்பட்டு எழுதினார். அது 1965ல். நான் கண்ணாடி முன்னால் அப்பாவைப் படுத்தியது அதற்கும் முப்பது வருடம் கழித்து. அப்பாவுக்கு இப்போதும் வரவில்லை, எப்போதாவது யாரும் பார்க்காதபோது முயற்சி செய்து பார்க்கிறார் என்று அம்மா சொல்கிறாள்.